கதை கேட்டுக் கொழுத்த கெளுத்திகள்

என் தம்பி வளர்த்த கெளுத்தி மீன்கள் நான் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் கொழுத்தன. பத்துப் பேரிடமாவது இதைச் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். விடிந்ததும் சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஆற்றில் நான் பிடித்த கெளுத்தியின் மீசையில் ஈரத்துணி காயப்போட்ட கதையைத் தொடங்குவேன். மொத்தக் கூட்டமும் மேலே வந்து வாயைப் பிளக்கும். மனிதர்கள்கூட என் கதைக்கு அப்படிப் பிளந்ததில்லை.

என் காலடியில் ஒரு வாளி இருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சந்தையில் ஆற்று மீன் அறுத்துக் கொடுப்பது என் தொழில். கழிக்கிற குடலை வீணாக்குவானேன் என்று கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவேன். கடைத் தீவனம் தவிர எதுவும் போடக் கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அவன் சொல்லி நான் கேட்பதா? அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவன் நான்.

மூன்றாம் மாதம் மீன்களுக்கு வயிறு மட்டும் உப்பியது. முதுகு கத்திபோல் மெலிந்தது. பிறகு ஒவ்வொன்றாக மல்லாந்தன.

மீன் டாக்டரம்மா வந்து தொட்டியோரம் பலகை போட்டு நாலு மீனைக் கிழித்தார். குடலுக்கு வெளியே சுருள் சுருளாக, சிவப்பாக, நெளிகிற புழுக்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆற்றுக் கெளுத்தி வேண்டும் என்றார். கொண்டுவந்தேன். அதிலும் அதே புழு. ஆனால் மூன்றே மூன்று.

"மூணு இருந்தா வாடகைக்கு இருக்குன்னு அர்த்தம்," என்றேன். "நானூறு இருந்தா வீட்டையே எழுதி வாங்கிடுச்சுன்னு அர்த்தம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது கொக்கு, நீர்க்காகம் போடுற எச்சத்துல வரும். இல்லேன்னா ஆத்து மீன் குடலைப் பச்சையா தின்னாலும் வரும். அப்படி ஏதாவது போட்டீங்களா?"

"இல்லவே இல்ல, மேடம்," என்றான் தம்பி.

ஊரெல்லாம் கதை அளக்கிற நான், பலகையைக் கழுவத் தண்ணீர் மொண்டேன்.

தம்பி அண்ணாந்து பார்த்தான். பறவை இறங்காமலிருக்கக் கட்டிய வலை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். "தைச்சு வைன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

இருந்த மீன்களையெல்லாம் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினோம். கூடை கூடையாகச் சுமந்தவள் அவள்தான். அதன் பிறகு தம்பி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் ஏணி போட்டு ஏறி, வெறும் தொட்டிகளுக்கு மேலே அந்தக் கிழிசலைத் தைத்தாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன்.

"டேய், கொக்கும் இல்ல, வலையும் இல்ல. நான்தான் தினம் ஒரு வாளி குடல் கொட்டினேன்."

தம்பி நிமிர்ந்தான். என்னையே பார்த்தான். பிறகு புரையேறும்வரை சிரித்தான். மீன் செத்த நாளிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"போண்ணே! அன்னிக்குக் கதை கேட்டுக் கொழுத்துச்சுன்னே. இன்னிக்குக் குடல் தின்னு செத்துச்சுங்கிறே."

"சத்தியமாடா."

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா?" அவள் பக்கம் திரும்பினான். "பாத்தியா, உன்னைக் காப்பாத்த எவ்வளவு பெரிய புளுகு! சரி விடு. இவருக்காக உன்னை மன்னிச்சேன். இனிமேலாவது கவனமா இரு."

அவள் சிரிக்கவில்லை. கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது. நான் கதை அளக்கும்போது ஆளை நேருக்கு நேர் பார்ப்பேன். அன்றைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

தம்பி வருகிறவர்களிடமெல்லாம் அந்த வாளிக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறான். நான் விட்டதிலேயே அதுதான் பெரிய புளுகாம்.

சாப்பாடு வேளாவேளைக்கு வருகிறது. முன்பெல்லாம் "மாமா, சாப்பிட வாங்க" என்பாள். இப்போது சுவரைப் பார்த்து, "சாப்பாடு வெச்சிருக்கு" என்கிறாள்.