ஸ்பீக்கரில் போடாத போன்

என் அப்பாவின் கதையை என் கண்ணெதிரிலேயே என் முதலாளி விற்றுக்கொண்டிருந்தார். நானோ வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடியோ கம்பெனி ஜோகுபாளையத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. யூஜின் சார் முதலாளி, கணேசமூர்த்தி அண்ணன் கேமரா, நான் எடிட்டிங். அவ்வளவுதான் கம்பெனி. அன்று எதிரில் உட்கார்ந்திருந்தவர் மமதா மேடம். ஹெப்பகோடியில் இயர்போன் செய்யும் ஒரு கம்பெனியில் விளம்பர வேலையைப் பார்ப்பவர். ஏற்கெனவே இரண்டு முறை எங்கள் ஐடியாக்களைக் கேட்டு இரண்டு முறையும் கொட்டாவி விட்டவர். "புதுசா ஏதாவது இருந்தா மட்டும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவையும் அவர் எழுந்து போய்விட்டால், மாடியைக் காலி செய்துவிட்டு அவரவர் வழியைப் பார்க்க வேண்டியதுதான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் டீ வந்ததும் ஒவ்வொருவரும் வீட்டில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். சண்டையோ சிரிப்போ, எதுவானாலும் சரி. "ஐடியா எல்லாம் கம்ப்யூட்டர்ல கிடைக்காதும்மா, அவங்கவங்க சமையல் ரூம்லதான் கிடைக்கும்" என்பார் யூஜின் சார். கணேசமூர்த்தி அண்ணன் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னதை வைத்தே எத்தனையோ விளம்பரம் எடுத்தாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நானும் சிரித்துக்கொண்டேதான் எடிட் செய்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

ஒருநாள் என் முறை வந்தபோது அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். யாரிடமாவது கொட்டவேண்டியிருந்தது.

என் அப்பா பெயர் அசோகன். நீலசந்திராவில் எங்கள் தெருவில் அவர் குரல் தெரியாதவர்கள் கிடையாது. அம்பேத்கர் ஜெயந்தி மேடையானாலும் சரி, தண்ணீர் வராததற்குக் குடிநீர் ஆபீஸ் வாசலில் கத்துவதானாலும் சரி, மைக் அவர் கையில்தான் இருக்கும். அந்தத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனிமேல் பழைய குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவுக்கு நாங்கள் சொல்லியிருப்பது வேறு. சின்ன ஆபரேஷன், கொஞ்ச நாளில் பழையபடி பேசுவார் என்று. அப்படிச் சொல்லச் சொன்னது அப்பாதான். 'ஐயோ பாவம்னு ஒருத்தன் என்னைப் பார்க்கக் கூடாது. எப்ப வெளிய வரணும்னு நான் முடிவு பண்றேன்' என்று எழுதிக் காட்டினார். அதிலிருந்து வாசற்படி தாண்டவில்லை.

ஆனால் மதியத்தில் எனக்குப் போன் செய்வார். பேச முடியாதவர் போன் செய்து என்ன பண்ணுவார்? சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டுவார். மெசேஜ் அனுப்புங்கப்பா என்றால் கேட்கமாட்டார். அது கடிதமாம், இதுதான் பேச்சாம். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு மாதிரி தட்டுவார், அம்மாமேல் புகார் சொல்ல இன்னொரு மாதிரி. எனக்கு எல்லாம் புரியும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதைத்தான் டீ குடிக்கும்போது சொன்னேன். "இது வெளிய போகக் கூடாது சார்" என்றும் சொன்னேன். "சேச்சே, என்னம்மா நீ" என்றார். அந்தச் சேச்சேவை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இப்போது அதே யூஜின் சார் எழுந்து நின்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "ஒரு அப்பா மேடம். குரல் போயிடுச்சு. பொண்ணுக்குப் போன் பண்ணி டம்ளர்ல தட்டறார்." பேனாவால் மேஜையில் தட்டினார். "பொண்ணு காதுல நம்ம இயர்போன். ஒவ்வொரு தட்டும் அவளுக்குத் தெளிவா கேக்குது, தெளிவா புரியுது."

என் பக்கம் மட்டும் அவர் திரும்பவேயில்லை. கணேசமூர்த்தி அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இந்த விளம்பரம் வெளியே வந்தால் எங்கள் தெருவில் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அசோகன் அண்ணன் கதைதானே இது என்று ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வாசலில் வந்து நிற்பார்கள். புற்றுநோய்க்குச் சாகாத மனுஷன் அதற்குச் செத்துப்போவார்.

மமதா மேடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அல்சூரில் வளர்ந்த கன்னடக்காரர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. "இல்லா ரீ" என்று தலையை ஆட்டினார். "சும்மா அழ வைக்கப் பார்க்கறீங்க. டம்ளர்ல தட்டினா பொண்ணுக்குப் புரியுதாம். யாரு நம்புவாங்க? ஃபேக்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். என் அப்பா பேசுவது ஃபேக்கா?

"ஃபேக் இல்ல மேடம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சனியன் பிடித்த நாக்கு.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று மமதா மேடம் திரும்பினார்.

"இவளோட அப்பாதான் மேடம்!" யூஜின் சார் முந்திக்கொண்டார். "அத்தனையும் நிஜம்!"

பாவி மனுஷா என்று மனதுக்குள் கத்தினேன்.

"ஹௌதா? நிஜமாவா?" மமதா மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அப்ப அவரையே நடிக்க வைக்கலாமே."

"தாராளமா மேடம்" என்றார் யூஜின் சார், என் அப்பா ஏதோ அவர் வீட்டு அலமாரியில் இருப்பதுபோல.

"அவர் வரமாட்டார்" என்றேன். "இந்தக் கதையும் வேணாம்."

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது. திரையில் 'அப்பா' என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ஸ்பீக்கர்ல போடும்மா" என்றார் மமதா மேடம். குரல் இறங்கியிருந்தது. "ஒரே ஒரு தடவை கேக்கறேன். உனக்குப் புரியுதுன்னு காட்டு, இப்பவே ஓகே சொல்லிடறேன்."

யூஜின் சார் இரண்டு கையையும் கூப்பினார். "வீணா, உன் கால்ல வேணாலும் விழறேன். மூணு குடும்பம்மா."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் அப்பா பயந்துவிடுவார். ஸ்பீக்கரில் போட்டால், நான் மட்டும் கேட்கிறேன் என்று நம்பித் தட்டும் மனிதரை நாலு பேர் எதிரில் நிறுத்தியதாகிவிடும். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் என் விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போகத்தான் செய்தது. மூன்று குடும்பத்தில் என் குடும்பமும் ஒன்று. அப்பாவின் மருந்தும் என் சம்பளத்தில்தான்.

கணேசமூர்த்தி அண்ணன் தன் நாற்காலியை நகர்த்தினார். பால்கனிக்குப் போக வழி கிடைத்தது. போனை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

இயர்போனை மாட்டிக்கொண்டு பேசினேன். அப்பா தட்டினார். ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன். இன்னொரு இடத்தில் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மமதா மேடம் எழுந்து கதவருகில் வந்து நின்றிருந்தார். கொட்டாவி விட்ட அதே முகம். இப்போது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தினமும் முகங்களை வெட்டி ஒட்டுகிறவள் நான், அந்த முகம் எனக்குப் புரிந்தது.

உள்ளே வந்ததும் சொன்னேன். "மேடம், இப்ப நீங்க பார்த்தீங்களே, அதுதான் உங்க படம்."

"எது?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, காதுல இயர்போன். யாரு பேசறாங்க, என்ன கேக்குதுன்னு நமக்குத் தெரியாது. சிரிக்கறா, கண்ணைத் துடைக்கறா. இந்தப் பக்கம் எல்லாரும் வேலையை விட்டுட்டுப் பார்க்கறாங்க. அப்பா கிடையாது, டம்ளர் கிடையாது, சத்தமே கிடையாது. அவளுக்கு மட்டும்தான் கேக்குது." யூஜின் சார் பக்கம் திரும்பினேன். "எங்கப்பா கதையை எடுத்தீங்கன்னா நான் இப்பவே கிளம்பறேன் சார். எடிட்டிங்குக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க."

கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அது சரி" என்றார் மமதா மேடம் மெல்ல. "உங்கப்பா இப்ப என்ன சொன்னார்?"

"அது உங்களுக்கு எதுக்கு மேடம்?"

யூஜின் சார் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். மமதா மேடம் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"அதேதான் ரீ! அந்தப் பொண்ணு உள்ள வர்றா. என்ன விஷயம்னு யாரோ கேக்கறாங்க. அவ இதைத்தான் சொல்றா. பரீரி, எழுதிக்குங்க!"

யூஜின் சார் எழுதினார். அதையும் எடுத்துக்கொண்டார்கள். என் கோபத்தைக்கூட விடவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் என் அப்பா அந்தத் தாளில் இல்லை.

மேடத்தை வழியனுப்பிவிட்டு யூஜின் சார் படிக்கட்டிலேயே நின்றார். "மன்னிச்சுக்கோம்மா" என்றார். "பார்க்கலாம் சார்" என்றேன்.

படம் வந்தது, ஓடியது. நீலசந்திராவில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்த வசனத்தைச் சொல்லியே சீண்டுகிறார்கள். அப்பாவும் பார்த்தார், யார் கதை என்று அவருக்குத் தெரியாது.

காலை டீ இப்போதும் வருகிறது. என் முறை வந்தால், எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். யூஜின் சார் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடிக்கிறார். அன்றைக்குப் பால்கனியில் அப்பா என்னதான் சொன்னார் என்று கணேசமூர்த்தி அண்ணன்கூட ஒருமுறை கேட்டார். இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கும் கேட்கத் தோன்றும்.

அது உங்களுக்கு எதுக்கு?