பின்படிக் கதவுக்கு ஒரு ஜெபம்

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டாவை எடுத்துவிட்டார்கள் என்று திருப்பூரில் ஆர்டர் குவிந்து கிடந்த வருஷம் அது. ஊரே தையல்காரன் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தபோது எங்கள் சபைக்கு ஒரு வேதசாஸ்திரி கிடைத்தான். பெயர் சகாயராஜ். மதுரைக்கு அந்தப் பக்கம் ஏதோ இறையியல் கல்லூரியில் படிக்கிறவன். கோடை லீவில் ஒரு சபையில் தங்கி வேலை பழக வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள்.

வேலம்பாளையம் சர்ச்சில் மணியடிப்பதும் பெஞ்சு துடைப்பதும் என் வேலை. கன்னையன் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆயர்கள் மாறி மாறி வருவார்கள், போவார்கள். வரும்போது எல்லாரும் ஒல்லியாகத்தான் வருவார்கள்.

இந்தப் பையன் வந்த அன்றே என்னை உட்கார வைத்து, தான் படிப்பது என்ன என்று விளக்கினான். இறையியல் என்றால் கடவுளைப் பற்றிப் படிப்பது. சரி, அதற்குக் கல்லூரி வேண்டியதுதான், கடவுள் நேரில் வந்து சொல்கிற ஆள் இல்லை. சமூக நெறியியல் என்றால் உலகத்தில் எது நியாயம், எது அநியாயம் என்று படிப்பது. அதற்கு வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. ஆன்மீக வழிகாட்டல். ஒருத்தர் வந்து மனசைத் திறந்து பேசுவார், இவன் கேட்டுக்கொண்டிருப்பான். புத்தி சொல்லக் கூடாது. இதைச் செய், அதைச் செய் என்று சொல்லவே கூடாது. கேட்டதை வெளியில் விடக் கூடாது. வழிகாட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு வழியைச் சொல்லாமல் இருப்பதற்கு அங்கே மார்க் போடுகிறார்களாம்.

இவனிடம் வந்து மனசைத் திறக்க ஆள் வேண்டுமே. வேலம்பாளையத்தில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவன் சோற்றுச் சட்டியைத்தான் திறப்பான். ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னையே பிடித்தான். இரண்டு நாற்காலியை எதிரும் புதிருமாகப் போட்டு, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தான். பகல் வெளிச்சத்தில் எதற்கு மெழுகுவர்த்தி என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் போல என்று நான் எழுந்திருக்கப் போனேன், அப்போது மெதுவாகக் கேட்டான்.

"ஐயா, இந்த நேரத்தில் கடவுள் உங்களுக்குள்ள என்ன செய்துகொண்டிருக்கிறார்?"

"காலையில இருந்து ஒண்ணும் செய்யலீங் தம்பி. நாந்தான் பெஞ்சு தொடச்சேன்."

அதற்கும் தலையை ஆட்டினான். எதைச் சொன்னாலும் தலையாட்டச் சொல்லித்தான் பயிற்சி கொடுப்பார்கள் போல.

சபைக் கமிட்டிக்குச் செயலாளர் பிரபாகர். பனியன் கம்பெனி முதலாளி. சபையில் பாதிப் பெண்களுக்கு அவர் கம்பெனியில்தான் வேலை. சர்ச்சுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர். ஒவ்வொரு இறக்கையிலும் தன் அப்பா பெயரை எழுதிவைத்தார், சுற்றும்போது யாராலும் படிக்க முடியாது. சகாயராஜுக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டில். நெறியியல் பாடத்துக்காகத் தொழிலாளர் நிலைமையைப் பார்க்க வேண்டும் என்று பையன் கேட்டதும், தன் கம்பெனியையே சுற்றிக் காட்டினார். பையன் திரும்பி வந்து, ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்றான். கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் எதுவும் சுத்தமாகத்தான் தெரியும்.

அந்தக் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் அடிப்பவள் சித்ரகலா. எங்கள் லைன் வீட்டில் எனக்கு அடுத்த வாசல். புருஷன் இல்லை. என்னைப் பெரியப்பா என்பாள். அவள் மிஷின் இருப்பது மாடியில், பின்படிக் கதவுக்குப் பக்கத்தில். நெருப்பு கிருப்பு பிடித்தால் ஆட்கள் இறங்கி ஓட வெளிப்பக்கமாக இரும்புப் படி வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் அந்தக் கதவைப் பூட்டுப் போட்டுப் பூட்டியும் வைத்திருக்கிறார்கள். தைத்த பீஸ் திருட்டுப் போகுமாம், நேரத்துக்கு முன்னால் ஆள் நழுவிவிடுமாம். முந்தின மாதம் மாடியில் குவித்திருந்த பனியன் வேஸ்ட் துணியில் பொறி விழுந்து புகைந்தது. எல்லாரும் அந்தக் கதவுக்குத்தான் ஓடினார்கள். விருதுநகர்ப் பக்கத்துக்காரி பாண்டியம்மாள் அதை அறைந்து அறைந்து கை வீங்கிப்போனாள். யாரோ ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அதோடு அந்தப் பேச்சும் அணைந்தது.

சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கம்பெனியின் ஆடிட்டர்கள் செவ்வாய்க்கிழமை கம்பெனியைச் சோதிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜர் எல்லாருக்கும் பாடம் எடுத்தார். எத்தனை மணிநேர வேலை என்று கேட்டால் எட்டு என்று சொல்ல வேண்டும். கதவைக் கேட்டால் எப்போதும் திறந்தே இருக்கும் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மட்டும் பூட்டைக் கழற்றிவிடுவார்கள். சித்ரகலாவுக்கு இது தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். வேலை போய்விடும், வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். என் பதில் பிடிக்காமல் படித்தவனிடம் போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் வராந்தா கூட்டிக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. மெழுகுவர்த்தி எரிந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புகை, கதவு, பாண்டியம்மாள் கை, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, ஆடிட்டர் கேட்டால் நான் சொல்வதா, வேண்டாமா என்று நேராகக் கேட்டாள்.

"உங்க உள்ளம் என்ன சொல்லுது, அக்கா?"

"அது ரெண்டும் சொல்லுதுங்க. அதனாலதான உங்ககட்ட வந்தேன்."

பையன் அதற்கும் தலையை ஆட்டினான். அவள் இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போனாள். நெறியியல் படித்த வாய் 'சொல்லுங்கள்' என்று சொல்லத் துடித்திருக்கும். வழிகாட்டல் படித்த வாய் அதை அடைத்துவிட்டது. ஒரே வாயில் இரண்டு பாடத்தையும் வைத்தால் அப்படித்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் ஜெபக்குறிப்பு சொல்வார்கள். யார் வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் என்று மேடையில் சொல்வது, எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்பது. வேலம்பாளையத்துச் சமாச்சாரம் முழுக்க இப்படித்தான் பரவும். யாருக்குக் கருப்பை எடுக்கப் போகிறார்கள், யார் மகன் யாரோடு ஓடிப்போனான், எல்லாம் ஆண்டவர் பாதத்தில் வைக்கப்பட்டுவிடும். டீக்கடையில் பேசினால் புறணி. இங்கே பேசினால் விண்ணப்பம்.

அந்த ஞாயிறு ஜெபக்குறிப்பைச் சகாயராஜிடம் கொடுத்தார்கள். மேடை ஏறிச் சொன்னான்.

"நம் சபையில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். வருகிற செவ்வாய்க்கிழமை அந்நிய தேசத்து அதிகாரிகள் முன்னால், பூட்டிய ஒரு கதவைப் பற்றி உண்மை பேச அவருக்குத் தைரியம் கிடைக்கும்படி ஜெபிப்போம்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. நான் பொதுவாகவே மூடுவதில்லை, செருப்பு காணாமல் போகும். சித்ரகலா தலையில் இருந்த முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். முன் பெஞ்சில் பிரபாகர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, சபையில் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் அவரே மேடை ஏறினார். தம்பியின் ஜெபம் தன்னை உடைத்துவிட்டதாகச் சொன்னார். தன் கம்பெனியில் வேலை செய்கிற சபைப் பெண்கள் எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் தியான முகாம், குண்டடத்தில் தன் மாமனார் தோப்பில். பஸ், சாப்பாடு, அன்றைய சம்பளம் எல்லாம் தன் பொறுப்பு. நடத்தப்போவது தம்பி சகாயராஜ். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, முதல் குழந்தை பிறந்தவன் மாதிரி இருந்தது. சபை கைதட்டியது. எந்தச் செவ்வாய்க்கிழமை என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. யோசித்தவர்கள் யோசித்ததைச் சொல்லவில்லை.

பஸ் ஏறாதவர்கள் புதன்கிழமை வேலைக்கு வர வேண்டியதில்லை என்று மேனேஜர் தனியாகச் சொல்லி அனுப்பினார். சித்ரகலா ஏறினாள். தண்ணீர் டிரம்மும் சமையல் பாத்திரமும் தூக்க என்னையும் ஏற்றினார்கள்.

தோப்பில் முதல் வேலை மௌனம். ஆளுக்கொரு தென்னைமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பேசாமல் இருக்க வேண்டும், உள்ளே கேட்கிற சத்தத்தைக் கவனிக்க வேண்டும். வாரம் முழுக்க மிஷின் சத்தத்தில் இருக்கிற பெண்கள். பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். அன்றைக்கு அந்தத் தோப்பில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மௌனம் முடிந்ததும், என்ன கேட்டது என்று ஒவ்வொருவராகப் பகிர்ந்துகொள்ளச் சொன்னான். சித்ரகலா எழுந்து நின்றாள்.

"ஏனுங் தம்பி, நானு உங்ககட்ட மட்டுந்தானுங்க சொன்னேன்?"

"அக்கா, நான் பேரைச் சொல்லலையே."

"அந்தக் கதவுக்குப் பக்கத்துல சபை ஆளு நானொருத்திதானுங்க இருக்கறேன். இதுக்குப் பேரு வேற சொல்லோணுங்களா? ஆடிட்டரு அங்க வந்திருப்பாங்க. எங்களையெல்லாம் இங்க கொண்டாந்து போட்டிருக்கறாங்க. இது உங்களுக்கு இன்னும் வெளங்கலீங்களா?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே விளங்கியிருக்கும்.

"வாங்க போலாம்," என்றாள். "வந்தவங்க இங்கிலீசுல கேப்பாங்க. நீங்க எடுத்துச் சொல்லுங்க."

பையன் அவளைப் பார்த்தான், மற்றப் பெண்களைப் பார்த்தான், அடுப்பில் வெந்துகொண்டிருந்த பிரபாகரின் பிரியாணியைப் பார்த்தான். இதை அவசரத்தில் முடிவு செய்யக் கூடாது, ஒரு ஐந்து நிமிஷம் ஆண்டவர் சித்தத்தைத் தேடிவிட்டு வருகிறேன் என்றான். அங்கேயே முழங்கால் போட்டுக் கண்ணை மூடினான். அவன் கண்ணைத் திறப்பதற்குள் பல்லடம் போகிற தனியார் பஸ் ஹார்ன் அடித்தது. சித்ரகலா ரோட்டுக்கு ஓடினாள். கரண்டியைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்டால், அவளைத் தனியாக விடக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். உண்மை ஜெயிக்கும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

பல்லடத்தில் இறங்கி பஸ் மாறி, திருப்பூரில் இன்னொரு தடவை மாறி, கம்பெனிக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. வாசலில் வாட்ச்மேன் விடவில்லை. சபை ஆட்களுக்கு இன்றைக்கு லீவு என்று கேட்டைச் சாத்தினான். ஆடிட்டர் கார் உள்ளே நின்றது. நான் திரும்பிப் போகலாம் என்றேன். அவள் பேசாமல் கம்பெனியைச் சுற்றிப் பின்சந்துக்கு நடந்தாள்.

இரும்புப் படி துரு ஏறிக் கிடந்தது. ஏறினாள். எனக்கு மூட்டு வலி, இரண்டு படிக்கு ஒரு தடவை நின்றேன். மேலே போய்க் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. அன்றைக்குத்தான் பூட்டைக் கழற்றியிருந்தார்களே.

உள்ளே சரியாக அந்த இடத்தில்தான் ஒரு வெள்ளைக்காரரும் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிரபாகர். முகாமுக்குக் கட்டின வெள்ளைச் சேலையோடு வெளியிலிருந்து ஒருத்தி உள்ளே வந்து நின்றால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீ யாரம்மா என்று அந்த அம்மா தமிழிலேயே கேட்டார். இங்கிலீஷே தேவைப்படவில்லை.

"இந்தக் காலி மிசினு என்னுதுங்க. எங்களையெல்லாம் ஜெபம் பண்றதுக்கு அனுப்பிட்டாங்க. இந்தக் கதவு இன்னைக்கு மட்டுந்தானுங்க தொறந்திருக்குது. மத்த நாளெல்லாம் பூட்டு."

பிரபாகர் சிரித்தார். இவள் இரண்டு வாரமாக வேலைக்கே வரவில்லை, மனசு சரியில்லாத பெண், எங்கள் சபையில் இவளுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். கூசாமல் சொன்னார். அந்த அம்மா மற்றவர்களைப் பார்த்தார். எல்லாத் தலையும் மிஷின் மேல் கவிழ்ந்திருந்தது. சித்ரகலா கதவின் கைப்பிடியை விடாமல் நின்றாள். இதற்குத்தான் வேண்டாம் என்றேன் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து மிஷின் நின்றது. பாண்டியம்மாள்.

"அவ நேத்து வரைக்கும் என் பக்கத்துலதான் தச்சா. கதவு பூட்டித்தான் கெடக்கும். போன மாசம் பொகையில நாங்க செத்துருப்போம்."

பிரபாகர் போட்ட கணக்கில் தப்பு அங்கேதான். ஜெபம் நடந்தது சர்ச்சில், அதனால் உண்மையும் சர்ச் ஆட்களிடம்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். பாண்டியம்மாள் வருஷா வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு ஊர் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். அவளைத் தியானத்துக்கு அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மிஷின் நின்றது. வெள்ளைக்காரர் கதவில் பூட்டு உரசிய தழும்பைக் குனிந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

கதவையே கழற்றிவிட்டு, தள்ளினால் திறக்கிற மாதிரி வேறு கதவு போட வேண்டும், அதுவரை ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். போட்டார்கள். அடுத்த ஞாயிறே பிரபாகர், தொழிலாளர் நலனுக்காகப் புதுக்கதவு போட ஆண்டவர் தன்னை ஏவினார் என்று சாட்சி சொன்னார். சபை அதற்கும் கைதட்டியது. சித்ரகலாவையும் பாண்டியம்மாளையும் வேலையை விட்டு நிறுத்தினார். இந்த ஊரில் அது என்ன தண்டனை. தையல்காரர் தேவை என்று கம்பத்துக்குக் கம்பம் போர்டு தொங்குகிறது. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் வேறு கம்பெனியில் இடம் கிடைத்தது. அங்கே பின்படிக் கதவு எப்படி என்று கேட்டேன். முதல் நாளே போய்த் தள்ளிப் பார்த்துவிட்டார்களாம், பூட்டித்தான் இருந்ததாம். கேட்டுத் திறக்க வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்களாம்.

சகாயராஜ் ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தான். சித்ரகலா சோற்றுப் போசியோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையன் குனிந்த தலை நிமிரவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா என்றான். அதை நேராகச் சொன்னான், அதற்கு மட்டும் நான் அவனுக்கு மார்க் போடுவேன். பிறகு பழக்கம் விடவில்லை, போவதற்கு முன் உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டான்.

சித்ரகலா போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"பண்ணுங் தம்பி. மனசுக்குள்ளயே பண்ணுங்க."