ஒரு குமிழிக்குத் தவம்

லாரிக்காரர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடிவிட்டார். பார்க்காததுபோல் இருந்துவிட்டால் நடக்காததுபோல் ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. பச்சையாக இருக்கவேண்டிய தண்ணீர், பால் அதிகமான காபிபோல் கொழகொழவென்று நின்றது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் அதிலும் அதே காபி. ஊருக்கே ஊற்றலாம்.

அந்த லாரிக்கு வீட்டில் பெயர் பெரியம்மா. "எனக்கு முந்தி வந்த மூத்தவ. பிள்ளைங்க பெரியம்மான்னுதான் கூப்பிடணும்" என்று மணமாகி வந்த வாரமே மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தாள். பெரியம்மா ஓடிய தூரத்துக்கு நிலாவுக்குப் போய்விட்டு, அங்கே மறந்த குடையை எடுக்க மறுபடியும் போய் வந்திருக்கலாம்.

எஞ்சினின் உடம்பான பிளாக்கில் விரிசல் என்றால் அவள் கதை முடிந்தது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு மாற்று பிளாக் எங்கும் கிடையாது. பிறகு லாரிக்காரருக்கு அண்ணனின் பாத்திரக்கடை ஸ்டூல்தான் கதி. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை, கரண்டி துடைக்கவேண்டும்.

"மாமா, ஒப்பாரி அப்புறம்" என்றான் மெக்கானிக், மனைவியின் தம்பி. பட்டறை அவனுடையது. "ஆயிலும் தண்ணியும் கலக்க மூணு வழிதான். ஹெட் கேஸ்கெட் போயிருக்கணும், இல்ல ஆயில் கூலர் ஓட்டை, அதுவும் இல்லன்னா..."

"மூணாவதைச் சொல்லாத மாப்ளே."

"நான் சொல்லல. அவரு வந்துட்டாரே!"

வாசலில் பழைய இரும்பு வியாபாரி, மாடு பிடிக்க வந்தவர்போல் பெரியம்மாவின் பம்பரைத் தட்டிக்கொண்டிருந்தார். "சும்மாத்தான் வந்தேன்."

"கழுகும் சும்மாத்தான் சுத்தும்" என்றார் லாரிக்காரர்.

மெக்கானிக் ரேடியேட்டரைத் திறந்து வைத்து, இரண்டே நிமிடம் எஞ்சினை ஓட்டினான். எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு கிழிந்திருந்தால் தண்ணீரில் குமிழி கிளம்பும். கிளம்பவில்லை.

"நல்லதா கெட்டதா?"

"பாதி நல்லது. கேஸ்கெட் தப்பிச்சது. மிச்சம் கூலர், இல்ல அந்த மூணாவது."

கூலரைக் கழற்றினான். ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் வாழும் பங்காளிகள்போல, அதற்குள் ஆயிலும் தண்ணீரும் ஒரு தகட்டுக்கு இருபுறமும் ஓடும்; சூட்டை மட்டும் பரிமாறிக்கொள்ளும். ஆயில் போகும் வழியில் ஒரு வாயை ரப்பரால் அடைத்து, மறுவாயில் காற்றுக் குழாயைச் செருகி, அக்காள் வீட்டிலிருந்து சொல்லாமல் தூக்கிவந்த, துணி ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்கினான்.

"இப்ப குமிழி வந்தா நல்லது மாமா."

"இப்பத்தானே வராம இருந்தா நல்லதுன்னே!"

"அது வேற குமிழி."

மூவரும் தொட்டிக்கு மேல் குனிந்தார்கள். ஓட்டை வேண்டும் என்று இப்படி உருகி வேண்டிய மனிதர் உலகத்தில் வேறு இருந்திருக்கமாட்டார். கால் மணி நேரம் ஆனது. லாரிக்காரர் கணக்கில் நான்கு யுகம். தண்ணீர் தூங்கியது.

மெக்கானிக் கையைத் துடைத்தான். வியாபாரி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

அப்போதுதான் மனைவி வந்தாள், தொட்டியைத் தேடிக்கொண்டு.

"நெனச்சேன். திருட்டுப் பயலே, ஊர்ல வேற தொட்டியே இல்லையா?"

"அக்கா, இங்க ஒரு உசிரு போயிட்டிருக்கு."

அவள் தொட்டியைப் பார்த்தாள்; கணவர் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "எப்பங்க கலங்குச்சு?"

"மேடு ஏறி எஞ்சின் சூடானப்புறம். காலையில கெளம்பறப்ப சுத்தமாத்தான் இருந்துச்சு."

"நம்ம பழைய கெட்டிலும் அப்படித்தானே? பச்சைத்தண்ணிக்குச் சொட்டாது, கொதிச்சாத்தான் சொட்டும். இதை மட்டும் ஏன் குளுகுளுன்னு குளிப்பாட்டுறீங்க?"

மெக்கானிக் அவளைப் பார்த்தான். பிறகு தண்ணீர் காயவைக்க அடுப்பைப் பற்றவைத்தான்.

ஆவி பறக்கும் வெந்நீரில் கூலர் மறுபடி இறங்கியது. காற்றைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு ஒன்று எழுந்து வந்து மேலே பொட்டென்று உடைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பள்ளிக்கூடம் விட்டதுபோல் திமுதிமுவென்று.

லாரிக்காரர் விட்ட பெருமூச்சில் பட்டறையின் தகரக்கூரை ஓரடி எழும்பி உட்கார்ந்தது. நம்பாதவர்கள் அரையடி என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஓட்டை! ஓட்டை இருக்குடி!"

"பிள்ளை பொறந்தப்பகூட இப்படிக் கத்தல இந்த மனுஷன்" என்றாள் மனைவி. கண்ணை மட்டும் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

வியாபாரி நாடாவைச் சுருட்டினார். "அந்தக் கூலரையாவது கொடுங்களேன். வந்ததுக்கு."

கொடுத்தார்கள். புதுக் கூலர் பொருத்தி, புது ஆயில் ஊற்றி, ரேடியேட்டரில் சலவைத்தூளைக் கரைத்து ஓடவிட்டான் மெக்கானிக். பெரியம்மா நுரை தள்ளிய அழகில் தெருவே வெளுத்தது. கடைசித் தண்ணீர் கண்ணாடிபோல் வந்த பிறகு, பச்சைத் திரவம் நிரப்பி, லாரிக்காரர் அதே மேட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள்.

"தெறங்க மாமா."

திறந்தார். பச்சைப் பசேலென்று இருந்தது. கம்பியில் ஆயிலும் மினுமினுத்தது; காபி போன இடம் தெரியவில்லை.

"மூத்தவளுக்குப் புதுக் கூலர்" என்றாள் மனைவி, எண்ணெய்ப் பிசுக்கேறிய தொட்டியைக் காலால் நகர்த்தி. "எனக்கு?"

"புதுத் தொட்டி. ரெண்டா வாங்கிடலாம். ஒண்ணை இவன் திருடிட்டுப் போகட்டும்."

ரேடியேட்டர் மூடி அவர் கையிலேயே இருந்தது. இந்தத் தடவை மூட மனமே வரவில்லை.