பதினோராம் கட்டை நினைவுக்கல்

கல்லில் பெருமைகள் மேலிருந்து கீழே இறங்கின. காடு வெட்டியது, வாய்க்கால் வந்தது, குடியேற்றம் எழுந்தது, அந்த நெல்லையெல்லாம் அவித்துக் குற்றிய பெரிய அரிசி ஆலை இந்த இடத்தில்தான் இயங்கியது. கல்லைத் திறந்து வைத்தவரின் பெயர் எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில் இருந்தது. செத்தவர்களின் பெயர்கள் அடியில், முழங்காலுக்கும் கீழே. அவற்றை வாசிக்க சுபைறா குந்த வேண்டியிருந்தது.

"அஞ்சாவது பேர், ராத்தா," என்றான் தம்பி ஜெமீல்.

அம்பாறைக்கு ஆள் ஏற்றி ஹயர் போய்த் திரும்பும்போது முந்தாநாள் அதைக் கண்டவன் அவன்தான். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை முச்சக்கரவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு இடத்துக்குப் போகணும் என்று மட்டும் சொன்னான்.

1987 மார்கழி வெள்ளத்தின்போது பொயிலர் வெடித்து மாண்ட எழுவர். பாதை மூடிக் கிடந்ததால் அன்றே ஆலையின் பின்வளவில் அடக்கப்பட்டார்கள். ஐந்தாவது பெயர், ஆதம்பாவா சாலிஹ், கல்முனை, வயது 27.

முப்பத்தெட்டு வருசம். சுபைறாவோடு சண்டை பிடித்துக்கொண்டு, சவூதிக்குப் போறேன், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய புருசன். ஏஜென்சிக்காரனைத் தேடிக் கொழும்புக்குப் போனார் என்றார்கள். தம்மாமில் கண்டேன் என்று ஒருவர் சத்தியம் பண்ணினார். அங்கே இன்னொருத்தியை முடித்துவிட்டார் என்றார்கள். சுபைறா எல்லாவற்றையும் நம்பினாள். அவர் மௌத்தாகியிருப்பார், செத்தவருக்கான கத்தம் ஓதுங்கள் என்றவர்களோடு மட்டும் கதைப்பதை விட்டாள். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவை அவள் இருக்கவே இல்லை. உயிரோடு இருக்கிறவருக்கு ஆர் இத்தா இருப்பது?

கொழும்பு போனதாக ஊர் நம்பிய மனிசன் பதினொரு மைல் கட்டையைத் தாண்டியிருக்கவில்லை.

எதிர்த் தேநீர்க்கடைக்காரர் துவாயால் கையைத் துடைத்தபடி வந்தார். "மில் கிளாக்கர் போன வருசம் மௌத்தாயிட்டார். அவர்ர பெட்டிக்குள்ள கிடந்த கடுதாசியில இருந்த பேருகள். அண்டாடக் கூலிக்கு வந்த ஆக்கள். மில்லுக்காரன் அப்ப ஒருத்தருக்கும் சொல்லல்ல."

"ஆரோ நெல்லு அவிக்கிறாங்க போல," என்றான் ஜெமீல், மூக்கை உறிஞ்சி.

கடைக்காரர் அவனை ஒருமாதிரிப் பார்த்தார். "ஆர் அவிக்கிற? பின்னுக்குப் புகைக்கூடும் எருக்கலையும்தான் இரிக்கி. இந்த வாசத்துக்குத்தான் இஞ்ச ஒருத்தரும் பஸ்ஸுக்கு நிக்கிறல்ல."

வண்டியால் இறங்கியதிலிருந்து சுபைறாவுக்கும் அந்த வாசம்தான். திரும்பும்போது பின்சீற்றில் ஒரு ஓரமாக ஒடுங்கி, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த ஜெமீல் வழி நெடுகக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பள்ளிவாசல் கந்தோரில் இளம் மௌலவி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இண்டைக்கே இத்தா இருக்கப் போறன், மௌலவி."

"இத்தா மௌத்தான நாள்ல இருந்துதான் உம்மா. தெரிய வந்த நாள்ல இருந்தில்ல. உங்கட இத்தா எண்பத்தெட்டிலயே முடிஞ்சிட்டு."

"நான் இருக்கல்லையே."

"தெரியாம இருந்தாலும் காலம் போனா போனதுதான். உங்களில குத்தமில்ல. அவருக்கு துஆக் கேளுங்க."

எண்பத்தெட்டின் அந்த மாதங்களில் தான் என்ன செய்தாள் என்று அவளுக்கு மறக்கவில்லை. மச்சியின் கலியாணத்துக்குச் சிவப்புச் சாரி உடுத்தாள். கண்ணுக்குச் சுறுமா தீட்டினாள். சவூதி வரைக்கும் செய்தி போகட்டும் என்று சத்தம் போட்டுச் சிரித்தாள். தொழுது முடித்த கையோடு அவர் உருப்படக் கூடாது என்று இரு கையும் ஏந்திக் கேட்டாள்.

பின்னேரம் அஸர் தொழுத பின் அலுமாரியைத் திறந்து வெள்ளைச் சாரியை எடுத்தாள். பக்கத்து வளவிலிருந்து வந்த ஜெமீலின் பெண்சாதி அஸ்னா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"முடிஞ்செண்டு மௌலவியே சொல்லிட்டாராமே. என்ன மதினி, அவருக்கே மார்க்கம் ஓதிக் குடுக்கப் போறீங்களா?"

சுபைறா காப்புகளைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். "அந்த நாலு மாசமும் நான் அவரத் திட்டினன் கா. மண்ணுக்குள்ள இருந்த மனிசன. அத நான் இருந்துதான் கழிக்கணும்."

அஸ்னா உள்ளே வந்தாள். வெள்ளையைக் கொசுவி உடுத்த உதவினாள்.

அப்போது வெளியே ஸலாம் கேட்டது. ஆண்குரல். இளம் ஆளின் குரல்.

அஸ்னா போய் எட்டிப் பார்த்தாள். வெயில் சாய்ந்த வளவு. படலை கொளுவியபடியே கிடந்தது. "ஒருத்தருமில்லையே," என்று கிறுகித் திரும்பினாள். "உங்களுக்கும் கேட்டதுதானே, மதினி?"

மறுகா ஒருதரம் கேட்டது. இம்முறை குரல், நெல்லு அவிக்கிற வாசத்தோடு, முற்றத்தைத் தாண்டி வாசற்படிக்கு வந்திருந்தது. அஸ்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

சுபைறா எழும்பவில்லை. முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஆரெண்டு கேக்காத," என்றாள். "நான் இத்தாவில இரிக்கன் எண்டு சொல்லு."