கோரைக்குள் குருகு

நான் இந்தப் பறவைகள் சரணாலயத்தில் கோரை அறுப்பவள். இன்று அறுக்கச் சொன்ன இடத்தில், மஞ்சள் குருகு ஒன்று அலகை வானத்துக்குத் தூக்கி, கோரையோடு கோரையாக ஆடி நின்றது. காற்று நின்ற பிறகும் ஒரு தரம் ஆடி மாட்டிக்கொண்டது.

சரணாலயத்தில் பறவைப் பதிவேடு எழுதும் என் தம்பியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"போட்டோ இல்லாம எழுத முடியாதுக்கா. அதை இங்க பார்த்தே ஒன்பது வருஷமாச்சு."

"எனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

கோரையை அறுக்கச் சொன்ன அதிகாரி எட்டிப் பார்த்தார். "பதிவேட்டுல இல்லாத பறவைக்காக வேலையை நிறுத்த முடியாதும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிவாளை அவரிடம் நீட்டினேன்.

"அப்ப நீங்களே அறுங்க சார். தம்பி கேமராவோட நிக்கட்டும். வீடு போச்சுன்னு அது பறக்கும்போது போட்டோ நல்லா விழும்."

அவர் கை நீட்டவில்லை. தம்பிதான் பேனா மூடியைக் கழற்றினான்.