நிப்பில் இருந்த மூன்று எண்கள்

நிப்பு மாறிவிட்டதோ என்று எனக்கு முதலில் தோன்றியதற்குக் காரணம், பேனா முன்னைவிட நன்றாக எழுதியதுதான்.

சட்டைப் பைக்கென்றே செய்த குட்டைப் பேனா அது. மூடியைக் கழற்றிப் பின்னால் மாட்டினால்தான் எழுதும் நீளம் வரும். வார்டு ஆபீசில் சேர்ந்த வருஷம், முதல் போனஸில் நானே வாங்கியது. கடைக்காரர் மூடியில் என் பெயரோடு 'ஷினோபு 46.6' என்று பொறித்துக் கொடுத்தார். எங்கள் ஜப்பான் சக்கரவர்த்தியின் ஆட்சியை வைத்து எண்ணும் கணக்கில் ஷோவா நாற்பத்தாறாம் வருஷம், ஜூன். போன மாதம் மை காய்ந்து அடைத்துக்கொண்டபோது முகாய் வாங்கிப் போய், ஒரு வாரம் வைத்திருந்து, கழுவித் தந்தார்.

முகாயும் நானும் பதினெட்டு வருஷமாகக் கவாகோஷி கோயில் பழம்பொருள் சந்தைக்குச் சேர்ந்து போகிறோம். மாதாமாதம் இருபத்தெட்டாம் தேதி, மழை பெய்தாலும். பெயர் பொறித்த பழைய பேனாவை மற்றவர்கள் சீண்டமாட்டார்கள். நான் அதைத்தான் தேடி வாங்குவேன். மூடி என் பைத்தியம், நிப்பு அவர் பைத்தியம். என்னுடையதைப் போலவே அவரிடமும் கறுப்பில் ஒன்று உண்டு. கணவர் போன பிறகு என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே மனிதர் அவர். ஆனாலும், கழுவ ஒரு வாரமா?

அன்றைக்குச் சந்தைக்கு அவருக்கு முன்பே போய், பேனா விற்கிற ஒருவனிடம் நிப்பைக் காட்டினேன்.

"பொடியா நம்பர் இருக்கு பாருங்கம்மா. செஞ்ச மாசமும் வருஷமும்." பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

471.

முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர் பிறந்த தேதியை ஷோவாவில் எழுதித் தேய்ந்த கை என்னுடையது. நாற்பத்தேழு, ஜனவரி. நாற்பத்தாறு ஜூனில் வாங்கிய பேனாவில் அடுத்த ஜனவரியில் செய்த நிப்பு எப்படி வரும்?

முகாய் இரண்டு கோப்பைகளில் சூடாக அமசாகே என்கிற இனிப்பு அரிசிப் பானம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"முந்திட்டீங்களே. நல்லதெல்லாம் அள்ளியாச்சா?"

"என் நிப்பை என்ன பண்ணீங்க?"

"கழுவினேன்."

"கழுவினீங்களா, கழட்டினீங்களா?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மை கல்லாட்டம் இறுகியிருந்துச்சு, ஷினோபு-சான். தினம் தண்ணி மாத்தி ஊறப் போட்டேன். அதான் ஒரு வாரம்."

"பழைய நிப்புக்குத்தான் மதிப்புன்னு நீங்கதானே சொல்வீங்க. மூடியைத் தவிர நான் எதையும் பார்க்கமாட்டேன்னும் உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்துல என் பேனா எத்தனை உங்க கைக்கு வந்துபோயிருக்கு?"

கடைசியாகக் கேட்டதை நான் கேட்டிருக்கக்கூடாது.

அவர் கோப்பைகளைக் கல்படியில் வைத்தார். உள்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"உங்க நிப்பு என்கிட்ட இருக்குன்னா இதுலதான் இருக்கணும். வச்சுக்கங்க."

என்ன எண் பார்த்தேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்குக் குனிவது போல இடுப்புவரை குனிந்து வணங்கிவிட்டு, வாசல் பக்கம் நடந்தார். போகட்டும் என்று விட்டேன். கையும் களவுமாகப் பிடித்த திமிரோடு அந்த நிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.

1271.

ஷோவாவுக்கு நூற்றிருபத்தேழாம் வருஷம் கிடையாது. எந்த வருஷத்துக்கும் எழுபத்தொன்றாம் மாதமும் கிடையாது. இது பன்னிரண்டாம் மாதம், 1971. மாதம் முதலில், பிறகு மேல்நாட்டு வருஷம். விற்கிறவனும் அந்த வரிசையில்தான் சொல்லியிருந்தான். அப்படியானால் என்னுடையது ஏப்ரல் 1971. ஷோவா நாற்பத்தாறேதான், நான் வாங்கியதற்கு இரண்டு மாதம் முன்பு செய்தது. நிப்பு மாறவே இல்லை. அவர் கழுவியதால் நன்றாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

வாசல்வரை ஓடினேன். கூட்டத்தில் அவர் இல்லை. திரும்பி வந்தபோது படியில் இரண்டு கோப்பைகளும் ஆறிப்போயிருந்தன. எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றைக்கு அடுத்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது நான்தான்.