சார்ஜர் வீட்டில் இருக்கிறது

லேப்டாப் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் உல்ஜான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் என் அறைத்தோழி. கம்ப்யூட்டர் படிக்கிறவள் என்பதால் எங்கள் விடுதியில் எல்லோர் போனுக்கும் அவள்தான் டாக்டர்.

“பெருசா வாங்கித் தொலைக்காதடி மெய்ரிம். தினம் மினிபஸ்ல நின்னுக்கிட்டே போறவ நீ, தோள்பட்டை கழண்டுடும். பதினொரு இஞ்ச் போதும். மெமரி எட்டு இருக்கணும், நாலுன்னா பேசாம திரும்பி வந்துடு. சார்ஜரைப் பிடுங்கிட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாரு. மூடியத் திறந்து மூடிப் பாரு. லொடலொடன்னு இருந்தா வேணாம்.”

“பாக்க அழகா இருந்தா?”

“அழகைப் பாத்து வாங்க அது என்ன மாப்பிள்ளையா?”

ஆசிரியர் படிப்பில் இரண்டாம் வருடத்தைப் போனிலேயே எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். இனிமேல் போனில் தட்டிய கட்டுரையை வாங்க மாட்டேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அப்பா எங்கள் மலைப் பகுதி நாரினிலிருந்து அனுப்பிய பதினைந்தாயிரம் சோமுக்குத் தலைநகர் பிஷ்கெக்கின் கடைகளில் குழந்தைகள் விளையாடுகிற பொம்மை லேப்டாப் வேண்டுமானால் கிடைக்கும். அதனால் பழைய சாமான் விற்கிற இணையப் பக்கத்தில் தேடினேன். ஒரு வாரம் தேடியதில் ஒன்று கண்ணில் பட்டது. சின்னது, சாம்பல் நிறம், பதினொரு இஞ்ச், மெமரி எட்டு, ஒரு வருடம்தான் ஓடியது, படிக்கிற பெண்ணுக்கு ஏற்றது. விலை பன்னிரண்டாயிரம்.

“திருட்டுச் சாமானா இருக்கும், இல்லன்னா பேட்டரி செத்திருக்கும்,” என்றாள் உல்ஜான். “இரு, நானும் வரேன்.”

ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தேர்வு. விற்கிறவரோ, இன்னொரு பெண் சாயங்காலம் வந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். எனக்கு அவசரம் வந்தால் புத்தி வேலை செய்யாது. தனியாகக் கிளம்பிவிட்டேன்.

ஓஷ் சந்தை நிறுத்தத்தில் வந்து நின்ற காரை ஒரு இளைஞன் ஓட்டி வந்தான். உலார் என்று பெயர் சொன்னான். பின்சீட்டில் அவனுடைய அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், மடியில் கைப்பை. லேப்டாப்பைக் காட்டினான். மூடியைத் திறந்து மூடினேன், கெட்டியாக இருந்தது. தூக்கிப் பார்த்தேன், ஒரு நோட்டுப்புத்தகக் கனம்தான். பட்டனை அழுத்தினேன், உயிரே இல்லை.

“சார்ஜ் இல்ல தங்கச்சி. சார்ஜர் வீட்டுல இருக்கு. பக்கம்தான், ஏறு, போட்டுக் காட்டிடுறேன். பிடிக்கலன்னா இங்கயே கொண்டுவந்து விட்டுடுறேன்.”

“ஏறும்மா, குளிர்ல நிக்காத,” என்று அந்த அம்மா நகர்ந்து இடம் விட்டார்.

அவன் மட்டும் வந்திருந்தால் செத்தாலும் ஏறியிருக்க மாட்டேன். அம்மா இருக்கிறாரே என்று ஏறினேன். கார் சந்தையைத் தாண்டிய பிறகுதான், அம்மா இருப்பதற்காகப் பயப்படாமல் இருக்க முடியுமா என்று உறைத்தது. எங்கள் ஊரில் பெண் தூக்குகிறவர்கள் அம்மாவை வைத்துக்கொண்டுதானே தூக்குகிறார்கள்! சில ஆண்களுக்குப் பெண் கேட்க வாய் வராது, இழுத்துக் காரில் போட மட்டும் கை வரும். வீட்டில் பெண்கள் சூழ்ந்துகொண்டு தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டுவிடுவார்கள். அந்த ராத்திரி அங்கே தங்கிவிட்டால் முடிந்தது கதை. திரும்பி வந்தால் பெற்றவர்களே வாசலில் நிறுத்தி அழுவார்கள். சட்டப்படி, தூக்குகிறவனுக்கு ஜெயில். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, அந்த நேரத்தில் காரில் இருக்காது.

“எந்த ஊரும்மா?” என்றார் அவர்.

“நாரின் பக்கம். அத்-பாஷி.”

“யாரு வம்சம்?”

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, பெரியவர்கள் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அவர் தலையை ஆட்டிவிட்டு மகனைப் பார்த்து, “நம்ம வம்சம் இல்லடா,” என்றார்.

ஏழு தலைமுறைக்குள் சொந்தம் என்றால் எங்களில் கல்யாணம் ஆகாது. வேறு வம்சம் என்றால் ஒரு தடையும் இல்லை. இதை எதற்கு அவனிடம் சொல்ல வேண்டும்?

“நிச்சயம் கிச்சயம் ஆயிருக்கா?”

“ஆயிடுச்சு,” என்று பொய் சொன்னேன். “மாப்பிள்ளை போலீஸ்.”

முன்னால் உலார் சிரித்தான். “போலீஸ்காரன் பொண்டாட்டிக்குப் புது லேப்டாப்பே வாங்கித் தரலாமே.”

ஜன்னல் கண்ணாடியை இறக்கலாம் என்று பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. “அது ரிப்பேரு தங்கச்சி,” என்றான் முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. “அந்தக் கதவும் உள்ளேருந்து தொறக்காது. நான் எறங்கி வந்து தொறந்து விடுறேன்.”

எங்கே போகிறோம் என்று தெரிகிற மாதிரி உல்ஜானுக்கு இடத்தை அனுப்பினேன். ‘காரில் இருக்கிறேன். அவன் வீட்டுக்குப் போகிறோம்.’ உடனே பதில் வந்தது: ‘பையன் எப்படி? லொடலொடன்னு இருந்தா வேணாம்னு சொல்லிடு.’

அந்த நேரத்தில் அவள் கையில் கிடைத்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன். ‘விளையாடாதே. அம்மாவும் கூட. கதவு திறக்கவில்லை’ என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. தேர்வுக்குள் போயிருப்பாள்.

அந்த அம்மா கைக்குட்டை எடுப்பதற்காகப் பையைத் திறந்தார். உள்ளே, கடைத்தாள் பிரிக்காமல், வெள்ளை முக்காடு.

அதற்குப் பிறகு தெரு, மரம், வீடு எதுவும் எனக்கு ஞாபகமில்லை. இரண்டு வருடம் போனில் எழுதிய கட்டுரைகள்தான் ஞாபகம் வந்தன. அத்-பாஷியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நிற்பேன் என்று நினைத்திருந்தேன். இனி யாரோ ஒருவன் வீட்டு அடுப்பு முன்னால் நிற்கப் போகிறேன். அதுவும் பன்னிரண்டாயிரம் சோம் லேப்டாப்புக்கு ஆசைப்பட்டு. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“மாவு பிசையத் தெரியுமாம்மா?” என்றார் அவர்.

“தெரியாது!” என்று கத்திவிட்டேன்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு மண்ரோட்டில் கார் நின்றது. உலார் வந்து கதவைத் திறந்தான். வாசல் திறந்துதான் இருந்தது. முற்றத்தில் பெரிய கொப்பரையில் எண்ணெய் கொதிக்க, இரண்டு பெண்கள் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில்தான் அந்த மாவுத் துண்டுகளை இப்படிக் கூடை கூடையாகப் பொரிப்பார்கள்.

“உள்ள வா,” என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

உதறிவிட்டு வாசலுக்கு வெளியே மண்ணில் நின்றேன். லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்திருந்தேன். கிட்டே வந்தால் அதாலேயே உலாரின் மண்டையில் போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“வரமாட்டேன். சார்ஜரை இங்க கொண்டு வாங்க. கிட்ட வந்தீங்க, ஊரையே கூட்டுவேன். இங்க இருக்கேன்னு ஹாஸ்டலுக்குத் தெரியும்!”

“என்ன தங்கச்சி, பைத்தியமா உனக்கு?” என்றான் உலார்.

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், தன் பையைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

“ஐயோ, இல்லம்மா,” என்றார். “அப்படி நெனச்சியா? அந்த மாதிரி வீடு இல்ல இது. இந்த முக்காடு என் பொண்ணுக்கு. பெர்மெத்துன்னு பேரு. நாளைக்கு அவ மாமியார் வீட்டுக்குச் சீர் கொண்டு போறோம், அதுக்குத்தான் பலகாரம். ஒரு மாசமாச்சு அவளைத் தூக்கிட்டுப் போயி.”

“உங்க பொண்ணையா?”

“காலேஜ் வாசல்ல வச்சு. நாங்க போனோம். அவ என் காலைக் கட்டிக்கிட்டா, கூட்டிட்டுப் போம்மான்னு.” அவர் மூக்கை உறிஞ்சினார். “ஒரு ராத்திரி ஆயிடுச்சும்மா. நாலு பேர் என்ன சொல்லுவாங்க? பையனும் குடிக்கிறவன் இல்லங்கிறாங்க. இருந்துக்கோ கண்ணுன்னு சொல்லிட்டு வந்துட்டோம்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றது அவளுடைய லேப்டாப். உலார் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சார்ஜரும் நீளமான ஒயரும் கொண்டுவந்து, வாசல் பெஞ்சிலேயே வைத்துச் சொருகினான். எனக்காகத்தான், நான் உள்ளே வரமாட்டேன் என்பதால்.

திரை வெளிச்சமாயிற்று. அழகான சின்ன சாமான். விசைகள் கொஞ்சம்கூடத் தேயவில்லை. ஆனால் பாஸ்வேர்டு கேட்டது. உலார் தங்கை பிறந்த வருடத்தைப் போட்டான், வீட்டு நாய் பெயரைப் போட்டான். எதற்கும் திறக்கவில்லை. கடைசியில் போனை எடுத்தான். முதலில் மாமியார் பேசினார் போலிருக்கிறது, குரலைக் குழைத்து நலம் விசாரித்தான்.

“பெர்மெத், உன் லேப்டாப் பாஸ்வேர்டு என்ன? சும்மாதான்… இங்க ஒரு பொண்ணு வந்திருக்கு, அதுகிட்டயே சொல்லு.” நெருப்புத் துண்டைத் தள்ளுகிற மாதிரி போனை என் கையில் திணித்துவிட்டு, கார் பக்கம் போய்விட்டான். தைரியசாலி.

“யாரு நீங்க?” என்றது போனில். ரொம்பச் சின்னக் குரல். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

“மெய்ரிம். லேப்டாப்பைப் பாக்க வந்தேன்.”

“பாக்கன்னா? விக்கிறாங்களா?”

அந்த அம்மா எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செப்டம்பர்ல திரும்பப் படிக்க அனுப்புறோம்னாங்க,” என்றாள் பெர்மெத். “அம்மாதான் சொன்னாங்க. லேப்டாப் பத்திரமா இருக்கு, நீ இப்ப அனுசரிச்சுப் போ, செப்டம்பர்ல பாத்துக்கலாம்னு.” கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. அழுகிற சத்தம் அங்கே யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்று அழுகிறாள் என்பதும் தெரிந்தது.

“என்னம்மா சொல்றா?” என்றார் அம்மா.

“பாஸ்வேர்டு யோசிக்கிறாங்க,” என்றேன்.

“பக்கத்துல அம்மாவா?” என்றாள் பெர்மெத்.

“ம்.”

“அவங்களுக்குக் கேக்குதா?”

“இல்ல.”

“அதை நீங்களே வாங்கிக்குங்க. வேற யாருக்கும் போகவிடாதீங்க. உள்ள என் ஒரு வருஷப் படிப்பு இருக்கு, எதையும் அழிச்சுடாதீங்க.” குரல் இன்னும் தாழ்ந்தது. “நீங்க படிக்கிறீங்கதானே? ஹாஸ்டலா?”

“ஆமா.”

“ஞாயித்துக்கிழமை இவங்க எல்லாரும் ஒரு துக்கத்துக்குப் போறாங்க. நானும் இந்த வீட்டுக் கெழவரும்தான் இருப்போம். ரோட்டுக்கு வந்துட்டா பிஷ்கெக் வண்டி கிடைக்கும். அதுக்கப்புறம் எங்க போறதுன்னுதான் தெரியல. எங்க வீட்டுக்குப் போனா திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவாங்க.” யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. “இதோ வரேன் அத்தை!” என்று பதில் கொடுத்தாள். பிறகு அவசரமாக, “உங்க ரூம்ல கட்டில் ஏதாவது காலியா இருக்கா?”

எங்கள் அறையில் நாலு கட்டில், நாலு பேர். வார்டனுக்குத் தெரிந்தால் என்னையும் சேர்த்து வெளியே தள்ளுவாள். அந்த வீட்டு ஆட்கள் தேடிக்கொண்டு விடுதி வாசலுக்கே வருவார்கள். என் பெயரையும் ஊரையும் வம்சத்தையும் எதிரே நிற்கிற அம்மாவிடம் நானே ஒப்பித்திருக்கிறேன். காரில் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

“சொல்லிட்டாளா?” என்று அந்த அம்மா கிட்டே வந்தார்.

“சொல்றாங்கம்மா,” என்று திரும்பி இரண்டு எட்டு தள்ளிப் போய், போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“இருக்கு,” என்றேன் மெதுவாக. “டீச்சர் யுனிவர்சிட்டி ஹாஸ்டல், மூணாவது மாடி. மெய்ரிம்னு கேளுங்க.”